காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரையை ஏன் கூட்டச் சொல்கிறார்கள்? சுருங்கிய அட்ரினல் (சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி) மறுபடி வளருமா?

வளரும். எனக்கு வளர்ந்தது. 11 மாதம் ஆனது.

நீங்களும் நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டுவிட்டு இப்போது குறைத்துக்கொண்டு வருகிறவராகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இந்தக் கேள்வியே தோன்றாது.

எனக்கு முட்டிவலி. தெருமுனை மருந்துக்கடையில் வேளைக்கு நாலு மாத்திரை என்று பொட்டலம் கட்டித் தருவார்கள். அதில் குட்டியாக ஒரு வெள்ளை மாத்திரை, அதுதான் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. முகம் உப்பியதைப் பார்த்து, "பூசினாப்போல இருக்கியே" என்றார்கள். ‘டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா’ என்று எழுத வருகிறவர்கள், அந்த முட்டியோடு தினமும் மூன்று மாடி ஏறிவிட்டு வாருங்கள்.

எடை கூடுகிறதே என்று ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் வாரம் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். லேசான காய்ச்சல்தான். பால் பொங்குகிற நேரத்தில் கண் இருட்டி, கையிலிருந்த சொம்போடு விழுந்தேன். பிரஷர் 70க்கு 40. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை 100 மில்லிகிராம் ஊசியாகப் போட்டார்கள். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டேன்.

அந்த டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, சண்டைக்கு வராதீர்கள். கிருமி நுழைந்ததும் நோயெதிர்ப்பு செல்கள் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் என்ற புரதங்களைத் தூது அனுப்புகின்றன. அவை மூளையைத் தட்டி எழுப்ப, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலை வேலைசெய்யத் தூண்டும் ஏசிடிஎச் என்ற ஹார்மோனை விடுகிறது, அட்ரினல் உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைக் கொட்டுகிறது. இன்டர்லூகின்-6 அட்ரினல் செல்லையே நேராகவும் தூண்டும். கொட்டிய கார்ட்டிசால் திரும்பிப் போய் அந்தத் தூதர்களையே அடக்கும். என் உடம்பில் தூது போனது, இரண்டு வருட மாத்திரையில் அட்ரினல் சுருங்கிப்போனதால் கொட்டத்தான் ஆளில்லை. அடக்க ஆளில்லாமல் ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிரஷர் விழுந்தது. நல்ல அட்ரினல் தானாகக் கூட்டிக்கொள்வதைத்தான், காய்ச்சலில் நாம் மாத்திரையால் கூட்டுகிறோம். வாந்தி நிற்கவில்லை என்றால் மாத்திரையை நம்பாதீர்கள், ஊசிதான்.

வளர்வது எப்படி என்றால், சுரப்பியின் மேலுறையிலும் அதன் அடியிலும் புதுச் செல்களை உண்டாக்கும் மூலச்செல்கள் இருக்கின்றன. எலிக்கு உள்ளிருப்பதைச் சுரண்டி எடுத்து உறையை மட்டும் விட்டாலும், சில வாரத்தில் புறணி (கார்ட்டிசால் சுரக்கும் வெளிப்பகுதி) மறுபடி முளைத்துவிடுமாம். ஆனால் ஏசிடிஎச் வர வேண்டும். நெடுநாள் ஸ்டீராய்டில் முதலில் தூங்கிப்போவது அதுதான், விழித்த பிறகும் அட்ரினல் பின்னால் மெதுவாகத்தான் வரும். அதனால்தான் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். அட்ரினல் விழித்துவிட்டதா என்று காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்து கார்ட்டிசால் பார்ப்பார்கள், காலையில்தான் அது உச்சத்தில் இருக்கும். என்னை ஒரு லேபில் 11 மணிவரை உட்காரவைத்து எடுத்தார்கள், அந்தப் பணம் தண்டம்.

நாத்தனார் இன்றைக்கும், "என் வீட்டு விசேஷத்தன்னைக்குப் பார்த்து விழுந்தா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தச் சொம்பையும் திருப்பித் தரவில்லை. அது என் அம்மா வீட்டுச் சீர்.