பெருங்கொடையாளர் பணியை விரும்பும் மகளைப் பற்றிக் கவலைப்படும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வணிகவியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற உங்கள் மகள், சிறிய நகரம் ஒன்றில் இயங்கும் தொண்டு மருத்துவமனையில் சேர்ந்து, அதற்குப் பெருந்தொகை வழங்கக்கூடிய கொடையாளர்களின் உறவை வளர்க்கும் பொறுப்பை ஏற்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். படித்த பெண் வீடு வீடாகச் சென்று கை நீட்டும் வேலையாக அது உங்களுக்குத் தோன்றுகிறது. பெற்றவருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். எனினும் அந்தப் பணி உண்மையில் எப்படி நடக்கிறது என்பதை அறிந்த பிறகு நீங்கள் முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1751ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஏழை நோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனை அமைக்க தாமஸ் பாண்ட் என்ற மருத்துவர் நிதி திரட்டினார். இன்றைய அளவுகோலில் பார்த்தால் அன்றைய பிலடெல்பியா சிறிய ஊர்தான். அவர் சென்ற இடங்களிலெல்லாம், "இதைப் பற்றி பிராங்க்ளினிடம் கலந்து பேசினீர்களா, அவர் என்ன நினைக்கிறார்?" என்றே கேட்டார்களாம். நோக்கத்தில் எவருக்கும் ஐயமில்லை; தாங்கள் நம்பும் ஒருவர் அதில் இருக்கிறாரா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவ்வூரின் பொதுப்பணிகளில் முன்னின்ற அச்சாளரான பெஞ்சமின் பிராங்க்ளின் இணைந்த பிறகு, மக்கள் 2,000 பவுண்டு திரட்டினால் அப்பகுதியின் சட்டமன்றமும் 2,000 பவுண்டு தர வேண்டும் என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். தம் கொடை இரட்டிப்பாகும் என்றறிந்த மக்கள் முன்வந்தார்கள். பெருங்கொடைப் பணியின் அடிப்படை இந்தச் செய்தியிலேயே அடங்கியிருக்கிறது. கேட்க வேண்டியவர் கேட்டால்தான் பெரிய தொகை வரும்; அவர் பெரும்பாலும் ஓர் அறங்காவலராகவோ, தலைமை மருத்துவராகவோ, முன்னரே கொடுத்த மற்றொரு கொடையாளராகவோ இருப்பார். அவரை ஆயத்தப்படுத்துவதும், கொடையாளரின் விருப்பத்துக்கும் நிறுவனத்தின் தேவைக்கும் பொருத்தம் காண்பதும், கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்பதை ஆண்டுதோறும் கணக்குடன் தெரிவிப்பதுமே உங்கள் மகளின் வேலையாக இருக்கும். அவர் தனியாக எவர் வாசலிலும் நிற்கப் போவதில்லை.

இந்த வேலையின் தொடக்கம் கணக்கேடுதான். கடந்த ஐந்து ஆண்டுகளின் நன்கொடைப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தால், மொத்தத் தொகையில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு, கொடுத்தவர்களில் இருபது விழுக்காட்டினரிடமிருந்து வந்திருக்கும் என்பது இத்துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணிப்பு. அந்தச் சிலர் யார், எதற்காகக் கொடுத்தார்கள், கடைசியாக அவர்களுக்கு எப்போது நன்றி சொல்லப்பட்டது என்று தேடத் தொடங்கினால், பல நிறுவனங்களில் கடைசிக் கேள்விக்கு விடையே இருக்காது. வணிகவியல் படித்த ஒருவருக்கு இந்த இடத்தில் இயல்பான வலிமை உண்டு.

கட்டடம் அல்லது கருவிக்கான பெரிய திட்டமென்றால், முதல் கொடையே மொத்த இலக்கில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை இருக்க வேண்டும் என்றும், எதிர்பார்க்கும் ஒவ்வொரு பெருங்கொடைக்கும் மூன்று அல்லது நான்கு பேரையாவது மனத்தில் கொள்ள வேண்டும் என்றும் கணக்கிடுவார்கள். பெருநகரத்தில் இது வெறும் அட்டவணை. சிறிய நகரத்திலோ இதுவே கண்ணைத் திறக்கும் கேள்வி. பத்துப் பெருங்கொடைகள் வேண்டுமானால் முப்பது, நாற்பது குடும்பங்கள் வேண்டும். அத்தனை குடும்பங்கள் அந்த ஊரில் இருக்கின்றனவா? இருக்கும் சிலரிடமே கல்விக்கூடம், முதியோர் இல்லம், விளையாட்டுக் கழகம் என எல்லோரும் வந்து நிற்பார்கள். அவர்களுடைய செல்வமும் பெரும்பாலும் நிலத்திலும் தொழிலிலும் முடங்கியிருக்கும். கேட்ட உடனே கையில் பணம் இராது. ஆகவே, தவணைகளில் தரும் உறுதிமொழி, உயிலில் ஒரு பங்கு, ஊரைவிட்டுச் சென்று வெளியில் வளம் பெற்றவர்களுடன் புதுப்பிக்கும் தொடர்பு ஆகியவற்றை முதலிலிருந்தே திட்டத்தில் சேர்க்க வேண்டியிருக்கும். முதல் சந்திப்பிலிருந்து பெருங்கொடை வரை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆவது இயல்பு.

சிறிய நகரத்தின் மற்றொரு தன்மை உங்கள் மகளுக்கு நன்மையாகவும் அமையலாம், சோதனையாகவும் அமையலாம். அங்கே எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். ஒரு கொடையாளர் மனநிறைவோடு சொல்லும் சொல் பத்து வீடுகளுக்குப் போகும். ஒரு குடும்பத்தின் பண நிலையைப் பற்றி அலுவலகத்திலிருந்து கசியும் சொல்லும் அவ்வாறே போகும், அதற்குப் பிறகு அந்த வாசல்கள் திறக்கா. நாவடக்கத்தை இப்பணியின் முதல் தகுதியாக நான் கருதுகிறேன். பேச்சுத் திறமையை அதற்கு அடுத்தே வைப்பேன்.

கொடுப்பவர்களும் கேள்வி கேட்பார்கள் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னகி உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் தந்தார். அவற்றில் மிகப் பல சிறிய ஊர்களில் எழுந்தவை. அமெரிக்க ஊர்களிடம் அவர் பொதுவாக விதித்த நிபந்தனை, நிலத்தை ஊரே தர வேண்டும், கொடைத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது. என் பணத்துக்குப் பிறகு இதை யார் நடத்துவார் என்ற அந்தக் கேள்வியை இன்றைய கொடையாளரும் கேட்பார். வரவுசெலவு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு நேராக விடை சொல்லத் தெரிந்தவரே இந்தத் துறையில் நிலைக்கிறார்.

தகுதியைப் பொறுத்தவரை, இதற்கென ஒரே ஒரு பட்டம் கட்டாயம் என்றில்லை. கணக்கியல், சமூகப்பணி, தொடர்பியல் ஆகியவற்றிலிருந்து பலர் வருகிறார்கள். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கொடைப்பணிக்கெனத் தனிக் கல்விப் புலமே இயங்குகிறது. சில ஆண்டுகள் அனுபவம் பெற்றவர்கள் தேர்வெழுதிப் பெறும், நிதி திரட்டும் பணிக்கான சி.எஃப்.ஆர்.இ. என்ற பன்னாட்டுச் சான்றிதழும் உண்டு. இதில் தேர்ச்சி பெற்றவர்களுக்குப் பல்கலைக்கழகங்களிலும் பெரிய மருத்துவமனைகளிலும் அறக்கட்டளைகளிலும் இடமிருக்கிறது. ஆனால் சிறிய நகரத்தில் அருகிலிருந்து கற்றுத்தர மூத்தவர் இல்லாமல் போகலாம். ஆகவே, வேறு ஊரில் இருக்கும் அனுபவசாலி ஒருவரை வழிகாட்டியாகப் பெற்றுக்கொண்ட பிறகே அவர் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஊதியத்தில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். திரட்டும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று கமிஷன் பேசினால் அவர் மறுக்க வேண்டும். நிதி திரட்டுவோரின் தொழில்முறைச் சங்கங்களின் நெறிமுறைகள் அதை ஏற்பதில்லை. கொடையாளருக்கு இது தெரியவந்தால், தாம் கொடுத்ததில் ஒரு பகுதி யார் பைக்குப் போயிற்று என்ற எண்ணம் வந்துவிடும். அவசரமாகக் கேட்கும்படி அது பணியாளரையும் தூண்டும். நிலையான மாத ஊதியமே முறையானது.

உங்கள் கவலை திரும்ப வேண்டிய இடம் அந்த நிறுவனத்தின் தலைமைதான். பணியில் சேரும் முன் உங்கள் மகள் அவர்களிடம் சில கேள்விகள் கேட்கட்டும். முதல் ஆண்டில் பெருந்தொகை வராவிட்டாலும் மூன்று ஆண்டுகள் பொறுப்பார்களா? தலைமை மருத்துவரும் அறங்காவலர்களும் மாதத்தில் சில நாட்களைக் கொடையாளர் சந்திப்புக்கு ஒதுக்குவார்களா, அறங்காவலர்கள் தாமே முதலில் கொடுத்திருக்கிறார்களா? தணிக்கை செய்த கணக்கைக் காட்டுவார்களா? இதற்கு முன் அப்பொறுப்பில் எவரேனும் இருந்திருந்தால், அவருடன் அரை மணி நேரம் பேச அனுமதி கேட்கட்டும். இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால் மகளை மனமுவந்து அனுப்பி வையுங்கள். விடை மழுப்பலாக இருந்தால், இதே பணிக்கு வேறொரு நிறுவனத்தைத் தேடச் சொல்லுங்கள். அந்தத் தேடலில் நானும் உதவுகிறேன்.