சாவி எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. உயரம் 135 செ.மீ., எடை 42 கிலோ. குடும்ப டாக்டரிடம் காட்டினோம். தைராய்டு டெஸ்ட் எழுதவில்லை, டயட் சார்ட் தரவில்லை, பசி குறைய மருந்தும் இல்லை. குறட்டை விடுகிறாளா, எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், வீட்டில் எல்லோரும் என்ன குடிக்கிறீர்கள் என்று கேள்விகள்தான். இரண்டு வாரம் கழித்துக் குடும்பத்தோடு வரச் சொல்கிறார். இவளுக்கோ வாய் அடங்காது. ஒல்லியாக இருக்கும் தம்பிக்கு வாங்கும் பிஸ்கட், சாக்லேட்டை அலமாரியில் பூட்டித்தான் வைக்கிறேன். அப்படியும் சாவியைத் தேடி எடுத்துத் திருடித் தின்கிறாள். வேறு டாக்டரைப் பார்க்கலாமா?

பதில்: டாக்டரை மாற்ற வேண்டாம். பூட்டை எடுங்கள்.

அந்தப் பூட்டைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவனுக்கு அலமாரி திறக்கிறது, ஒருத்திக்கு மூடுகிறது. 9 வயதுப் பெண் இதிலிருந்து உணவைப் பற்றி என்ன கற்றுக்கொள்வாள்? தம்பி வேண்டியவன், தான் வேண்டாதவள் என்றுதான் கற்றுக்கொள்வாள். பெற்ற பிள்ளை சொந்த வீட்டில் எடுத்துத் தின்பதற்குத் திருட்டு என்று பெயர் வைக்காதீர்கள், அம்மா. அந்தச் சொல் அவளோடு வளரும்.

பூட்டு எடையைக் குறைக்கவும் செய்யாது. வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு மட்டும் மறுக்கும் பண்டத்தின் மேல்தான் ஆசை கூடும். சாவி கையில் கிடைத்ததும், யாராவது வருவதற்குள் அவசர அவசரமாக விழுங்குவாள். வயிறு நிறைந்ததை உணரவே கொஞ்ச நேரம் பிடிக்கும். ஒளிந்து தின்பவளுக்கு அந்த நேரம் ஏது?

இந்தப் பூட்டு விஷயத்தை டாக்டரிடம் சொன்னீர்களா? சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அடுத்த முறை முதலில் அதைச் சொல்லுங்கள். ஒளித்துத் தின்பது, நிறுத்த முடியாமல் தின்பது, தின்றபின் அழுவது, வாந்தி எடுப்பது, இவற்றில் எது இருந்தாலும் அவருக்குத் தெரிய வேண்டும். அப்படி இருந்தால் சிகிச்சையின் வழியே மாறும். அவள் எதிரில் சொல்லாமல் தனியாகச் சொல்லுங்கள்.

இனி டாக்டர் மேல் உங்களுக்குள்ள குறை. எடையை உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. உங்கள் மகளுக்கு 23. பெரியவர்களுக்கான உலகப் பொது அட்டவணையில் இது சாதாரண எண். பிள்ளைகளுக்கு வயதையும் பாலினத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 9 வயதுச் சிறுமிக்கு 21.5-ஐத் தாண்டினாலே உடல் பருமன். ஆக, டாக்டர் அலட்சியமாக இல்லை. தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறால் எடை ஏறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் உயரம் தேங்கிவிடும். உங்கள் மகள் வயதுக்கேற்ற உயரத்தில் இருக்கிறாள். அதனால்தான் அந்த டெஸ்டை எழுதவில்லை. குறட்டையைக் கேட்டது, தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று அறிய. கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலக் கருத்திருந்தால் அழுக்கென்று தேய்க்காமல் அவரிடம் காட்டுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். எடை குறைக்கும் மருந்துகளைப் பொதுவாக 12 வயதுக்கு முன் யோசிப்பதில்லை.

இரண்டு வாரத்தில் வரச் சொன்னதிலும் காரணம் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2023 வழிகாட்டி, 3 முதல் 12 மாதங்களுக்குள் மொத்தம் 26 மணி நேரத்துக்குக் குறையாமல் குடும்பத்தோடு நேரடியாகப் பேசிப் பழக்கிச் செய்யும் சிகிச்சையே அதிகப் பலன் தருவதாகச் சொல்கிறது. ஒரு டயட் சார்ட்டைச் சமையலறைச் சுவரில் ஒட்டுவதால் நடக்கிற காரியம் இல்லை.

உங்கள் மகள் இளைக்கக்கூட வேண்டியதில்லை. ஓராண்டில் 6 செ.மீ. வளர்ந்து, எடை 42 கிலோவிலேயே நின்றால் பி.எம்.ஐ. சுமார் 21 ஆகிவிடும். 10 வயதுக்கு உடல் பருமனின் எல்லை 22.6. அதற்குக் கீழே வந்துவிடுவாள். பட்டினி போட்டால் வளர்ச்சிதான் கெடும்.

இன்றே செய்ய வேண்டியது, அலமாரியில் இருப்பதைக் காலி செய்துவிட்டு மறுபடி வாங்காமல் இருப்பது. தம்பிக்கும் கிடையாது, அப்பாவுக்கும் கிடையாது. ஒல்லியாக இருப்பதால் அவனுக்குச் சர்க்கரை மருந்தாகிவிடாது. உண்மையிலேயே எடை போதவில்லை என்றால் அவனுக்கு வேண்டியது இன்னொரு நல்ல வேளைச் சாப்பாடு. அடுத்து பானங்கள். 330 மில்லி குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும். பழச்சாறும் ஏறக்குறைய அப்படித்தான். வீட்டில் எல்லோருக்கும் தண்ணீர், பழம் வேண்டுமென்றால் முழுப் பழம்.

என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவளிடம் விடுங்கள். இரண்டாம் முறை கேட்டால் மறுக்காதீர்கள், 15 நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பரிமாறுங்கள். சாப்பிடும்போது யார் கையிலும் போன் இருக்கக் கூடாது. இரவில் 9 மணி நேரமாவது அவள் தூங்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க விளையாட வேண்டும், தம்பியோடு சேர்ந்து ஓடினால் இன்னும் நல்லது. வீட்டில் எடை பார்க்காதீர்கள், அதை டாக்டரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

குடும்பத்தோடு என்று அவர் சொன்னதில் உங்கள் கணவரும் மகனும் சேர்த்திதான். நால்வரும் போங்கள்.