போரில் விருது பெற்றவர்களில் உங்கள் மனதை விட்டு நீங்காதவர் யார்?

ஆஸ்திரேலியாவின் ஹியூகோ த்ரோசல். முதல் உலகப் போரில் அந்நாட்டுக் குதிரைப்படைக்குக் கிடைத்த ஒரே விக்டோரியா கிராஸ் (பிரிட்டிஷ் பேரரசின் மிக உயர்ந்த வீரப் பதக்கம்) இவருடையதுதான். என்றாலும் அவர் பெயரைக் கேட்டதும் பதக்கத்துக்கு முன்னால் ஒரு சீழ்க்கை ஒலிதான் எனக்கு நினைவுக்கு வரும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்த்தாம் ஊர்க்காரர். தந்தை ஜார்ஜ் த்ரோசல் சிறிது காலம் அம்மாநில முதல்வராக இருந்தவர். ஹியூகோவும் சகோதரர் ரிக்கும் கவ்கவிங் என்ற இடத்தில் நிலம் வாங்கி, மழையில்லாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். போர் வந்ததும் இருவரும் 10ஆவது குதிரைப்படைப் பிரிவில் சேர்ந்தார்கள்.

1915 ஆகஸ்ட் 29, துருக்கியின் கல்லிப்போலியில் 60ஆம் எண் குன்று. அக்காலக் கையெறி குண்டுகளில் திரி எரிந்து முடியச் சில விநாடிகள் ஆகும். துருக்கியர் வீசியவற்றை எடுத்து, திரி தீர்வதற்குள் திருப்பி வீசியே ஹியூகோவும் அவருடைய ஆட்களும் பதுங்குகுழியைக் காத்தார்கள். சண்டை ஓய்ந்த பின் ஒருவர் அவருக்கு சிகரெட் கொடுத்தார். காயங்கள் இறுகிப்போனதால் கையை வாய்வரை உயர்த்த முடியவில்லை. சட்டைத் தோளில் இருந்த 'ஆஸ்திரேலியா' என்ற உலோகச் சின்னம் முறுகி உடைந்து சதைக்குள் இறங்கியிருந்தது.

இதற்குத்தான் பதக்கம். நான் சொல்ல வந்தது 1917 ஏப்ரலில் நடந்தது. இரண்டாம் காஸா சண்டையில் ரிக்கைக் காணவில்லை. அன்றிரவு ஹியூகோ எதிரியின் குண்டுகளுக்கு நடுவே போர்க்களத்தில் தவழ்ந்து தேடினார். சிறுவயதில் ஒருவரையொருவர் அழைக்க வைத்திருந்த அதே சீழ்க்கையை அடித்துக்கொண்டே போனார். பதில் வரவில்லை.

எனக்கும் என் அண்ணனுக்கும் அப்படி ஒரு சீழ்க்கை உண்டு. தெருமுனையில் நின்று அடித்தால் அவன் மாடியிலிருந்து எட்டிப்பார்ப்பான். அதனால்தானோ என்னவோ, இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1919இல் சொந்த ஊரில் நடந்த வெற்றி விழாவில், போர் தன்னை ஒரு சோஷலிஸ்டாக மாற்றிவிட்டது என்று ஹியூகோ அறிவித்தார். அதைச் சொல்ல, குண்டுக்கு முன் நிற்பதைவிடப் பெரிய துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்பது என் எண்ணம். கடன் நெருக்க, 1933 நவம்பரில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1922இல் பிறந்த மகனுக்கு ரிக் என்றே பெயர் வைத்திருந்தார். தந்தையின் விக்டோரியா கிராஸை அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்துக்குக் கொடுத்தவர் அந்த மகன்தான். இப்போது அது கான்பெராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது.