எட்டு வாரத்தில் ஆப்பரேட்டர் தயாராவாரா?

கேள்வி: இயந்திரப் பாகங்கள் செய்யும் சிறிய தொழிற்சாலை நடத்துகிறேன். ஆறு சிஎன்சி லேத் (கணினி வழி ஓடும் கடைசல் இயந்திரம்), ஒரு வெல்டிங் பிரிவு. "மூன்று வருட அனுபவம் தேவை" என்று விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், ஆள் வருவதில்லை. பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையம் எட்டு வார வகுப்பு நடத்துகிறது. போன முறை அங்கிருந்து மூன்று பேரை எடுத்தேன். இரண்டு பேர் ஒரே மாதத்தில் நின்றுவிட்டார்கள். இந்த வழியில் திறமையான ஆட்கள் உண்மையிலேயே கிடைப்பார்களா?

பதில்: கிடைப்பார்கள். ஆனால் வகுப்பு முடிந்த பிறகு போய் "நல்ல பையனாக ரெண்டு பேர் இருந்தால் அனுப்புங்கள்" என்று கேட்டால் கிடைக்க மாட்டார்கள். பெரும்பாலானவர்கள் செய்வது அதைத்தான், நீங்களும் அப்படித்தான் எடுத்திருப்பீர்கள். அந்த எட்டு வாரத்தையும் உங்கள் நேர்முகத் தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் எதிரே உட்கார வைத்துப் பேசித் தெரியாத விஷயமெல்லாம் எட்டு வாரத்தில் தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் அந்த "மூன்று வருட அனுபவம்" என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். லேத் ஓட்டுபவர் ஒரு நாளில் என்னென்ன செய்கிறார்? ஜாபை, அதாவது கடைய வேண்டிய பாகத்தை, மாட்டுகிறார், ஓட்டுகிறார், அளக்கிறார், அளவு பிசகினால் மெஷினில் போடும் ஆஃப்செட் எண்ணைத் திருத்துகிறார், தேய்ந்த இன்சர்ட்டை (வெட்டும் முனையை) மாற்றுகிறார். இவை வாரக்கணக்கில் கற்றுக்கொள்ளக்கூடியவை. புதிய ஜாபுக்கு மெஷினைத் தயார்செய்து செட்டிங் போடுவதும் புரோகிராம் எழுதுவதும் வருடக்கணக்கில் வருபவை. ஆறு மெஷினுக்கு ஆறு செட்டர் வேண்டியதில்லை. ஒரு ஷிப்டுக்கு ஒரு நல்ல செட்டரும் கையை நம்பி விடக்கூடிய ஆப்பரேட்டர்களும் போதும். வெல்டிங்கிலும் அப்படித்தான். தட்டையாகக் கிடத்திய பிளேட்டில் மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் வகை) ஃபில்லெட், அதாவது மூலை இணைப்பு, போடுவதைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம். 45 டிகிரி சாய்ந்து நிற்கும் பைப்பைச் சுற்றி வெல்டு அடிப்பவரை எட்டு வார வகுப்பில் தேடாதீர்கள்.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1940-ல் அமெரிக்கா போருக்குத் தயாரானபோது, லென்ஸ் தேய்க்கும் தொழிலாளிகளுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. பழகப் பல வருடம் பிடிக்கும் வேலை என்று பெயர் எடுத்தது அது. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எளிய துண்டுகளைப் புதியவர்களுக்கு ஒதுக்கி, வருடக் கணக்கை மாதக் கணக்காக்கினார்கள். அதைச் செய்த 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' திட்டத்தின் கற்பிக்கும் முறை இன்றும் தொழிற்சாலைகளில் புழங்குகிறது. அந்த முறையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, பயிற்சி நிலையத்துக்குப் போங்கள். புதிய பேட்ச் சேருவதற்கு முன்னால் போவதுதான் முக்கியம். கையில் ஒரு பட்டியல் வேண்டும். "சிஎன்சி தெரிய வேண்டும்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "25 மில்லிமீட்டர், கூட்டல் கழித்தல் 0.02 என்று டிராயிங்கில் போட்டிருந்தால், மைக்ரோமீட்டரில் அளந்து, சரியா தவறா என்று சொல்ல வேண்டும்" என்று எழுதுங்கள். பயிற்சியாளருக்கு எதை அழுத்திச் சொல்லித்தர வேண்டும் என்று அப்போதுதான் புரியும். உங்களிடம் ஸ்கிராப் ஆன ஜாப், பழைய இன்சர்ட், உங்கள் டிராயிங்கின் நகல் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்களுக்கு அது குப்பை, அவர்களுக்கோ நல்ல பாடப்பொருள். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் 1961 முதல் பெரிய அளவில் செய்து வருவதும் இதைத்தான்: வரப்போகும் தொழிற்சாலையின் வேலை எதுவோ, அதற்கேற்ப பயிற்சியை அமைத்துக் கொடுக்கிறது. உங்கள் அளவில் ஒரு பட்டியலும் ஒரு பெட்டி ஸ்கிராப்பும் போதும்.

சேர வருபவர்களை வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு நாள் உங்கள் ஷெட்டுக்குக் கூப்பிடுங்கள். சத்தம், கூலன்ட் வாடை, எட்டு மணி நேரம் நின்றே வேலை, ராத்திரி ஷிப்ட் என எதையும் மறைக்க வேண்டாம். சிலர் அன்றைக்கே பின்வாங்குவார்கள். நல்லதுதான், அவர்கள்தான் ஒரு மாதம் கழித்து நின்றிருப்பார்கள். உங்களிடமிருந்து போன அந்த இருவர் சேருவதற்கு முன் மெஷின் பக்கம் வந்து பார்த்தார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

வகுப்பு நடக்கும்போது உங்கள் செட்டரை வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் அங்கே அனுப்புங்கள். உற்பத்தி கெடுமே என்று தோன்றும், கொஞ்சம் கெடத்தான் செய்யும். அவர் கவனிக்க வேண்டியது மதிப்பெண்ணை அல்ல. பயிற்சி பெறுபவர், ஜாபைப் பிடிக்கும் சக்கில் அதை மாட்டுவதற்கு முன் சக்கின் பிடிகளை (ஜா) துடைக்கிறாரா? சிறு உலோகச் சீவல் (சிப்) ஒன்று இடையில் மாட்டினாலும் ஜாப் ஆடும், அளவு போய்விடும். சொல்லாமலே துடைக்கும் கை இருந்தால் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான் ஆள் எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்பது வழக்கம். 25.00 வர வேண்டிய வெளி விட்டம் 25.03 வந்திருக்கிறது, எக்ஸ் ஆஃப்செட்டில் என்ன போடுவாய்? விட்டக் கணக்கில் ஓடும் லேத்தில் மைனஸ் 0.03 போட வேண்டும். பிளஸ் போட்டால் அடுத்த ஜாப் 25.06 ஆகிவிடும். தப்பாகச் சொன்னவரை அதற்காகவே நான் கழிப்பதில்லை. "முதலில் இன்னொரு தடவை அளந்து பார்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவரை விடமாட்டேன்.

சம்பளம், சலுகை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை கொடுக்க முடிந்தால் கொடுங்கள். எட்டு வாரம் வருமானமில்லாமல் இருக்க முடியாமலே பல நல்ல ஆட்கள் வகுப்பில் சேருவதில்லை. வேலைக்கு எடுப்பதாக இருந்தால் நாலாவது வாரத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், வெளியே தேடுமுன் உள்ளே பாருங்கள். பேக்கிங்கிலோ ஹெல்பராகவோ இரண்டு வருடம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் ஒருவரை அதே வகுப்புக்கு அனுப்பலாம். அவர் நிற்பாரா, மாட்டாரா என்ற கேள்விக்கு உங்களிடம் ஏற்கனவே பதில் இருக்கிறது.

சேர்ந்த முதல் மாதத்தில்தான் பல இடங்களில் காரியம் கெடுகிறது. புதியவரை "போய்ப் பார்த்துக் கற்றுக்கோ" என்று ஒரு மூத்தவர் பின்னால் விட்டுவிடுவார்கள். மூத்தவருக்கோ தன் டார்கெட்டே தலைக்கு மேல். நான் முன்பு சொன்ன போர்க்காலத் திட்டம் நாலு படி வைத்திருந்தது: ஆளைத் தயார்ப்படுத்து, செய்துகாட்டு, அவரைச் செய்யவிடு, பிறகு அடிக்கடி வந்து பார். இதைச் சூப்பர்வைசர்களுக்குச் சொல்லித்தர அவர்கள் எடுத்துக்கொண்டது பத்தே மணி நேரம். உங்கள் செட்டருக்கும் அந்தப் பத்து மணி நேரத்தைக் கொடுங்கள். புதியவர் அருகில் இருக்கும் வாரங்களில் செட்டருடைய டார்கெட்டையும் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் அவர் கற்றுத்தர மாட்டார்.

ஓடிவிடாமல் இருக்க பாண்ட் எழுதி வாங்கலாமா, சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று இதே நிலையில் இருக்கும் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். சான்றிதழைப் பிடித்து வைப்பது நியாயமும் இல்லை, சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடும். தனியாக ஆஃப்செட் திருத்தத் தெரிந்தால் ஒரு உயர்வு, இன்சர்ட் மாற்றி முதல் ஜாபைச் சரியாக எடுத்தால் அடுத்தது, செட்டிங் தொட ஆரம்பித்தால் இன்னொன்று என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அப்படியும் சிலர் போவார்கள். ஆறு பேர் தேவை என்றால் எட்டுப் பேரைக் கணக்கில் வைத்துத் தொடங்குங்கள். அடுத்த பேட்ச் எப்போது என்று நாளைக்கே அந்தப் பயிற்சி நிலையத்தில் கேட்டுவிடுங்கள். போகும்போது செட்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.