ரோட்ஸுக்கு போடலாமா, கேம்பஸ் வேலைய பாக்கலாமா? – அக்காகிட்ட கேளுங்க

கேள்வி: அக்கா, எனக்கு பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். அரசு இன்ஜினியரிங் காலேஜ்ல சிவில், இப்ப ஃபைனல் இயர் போறேன். எங்க மேடம் ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்புக்கு போடச் சொல்றாங்க, கெடைச்சா ஆக்ஸ்ஃபோர்டுல செலவில்லாம படிக்கலாமாம். இந்தியா முழுக்க எடுக்கறதே அஞ்சாறு பேர்தான்னு தெரிஞ்சதும் எங்கப்பா "அதுக்கு போட்டு என்ன ஆவப்போவுது, கேம்பஸ்ல வர்ற வேலைய பாரு"ங்கறாரு. ஃப்ரெண்ட்ஸ் என்னடான்னா கெடைக்கலைனாலும் அப்ளை பண்ணேன்னு ரெஸ்யூமேல போட்டுக்கலாம்ங்கறாங்க. என்எஸ்எஸ்ல எங்க ஊர் போர் தண்ணிய ஃப்ளோரைடு டெஸ்ட் பண்ணிருக்கேன், சிஜிபிஏ 8.9. போடலாமா வேண்டாமா?

பதில்: ரெஸ்யூமே கதைய முதல்ல முடிச்சிடறேன் கண்ணு. அப்ளை பண்ணேன்னு எழுதறதுக்கு எந்த மதிப்பும் கெடையாது, யார் வேணா அப்ளை பண்ணலாம், இன்டர்வியூல அந்த வரிய பாத்து சிரிப்பாங்க. அதுக்காகன்னா வேண்டாம்.

உங்கப்பா சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. எண்ணிக்கை கம்மிதான், ஐஐடி, டெல்லி காலேஜ், நேஷனல் லா ஸ்கூல் பிள்ளைங்கல்லாம் சீனியர்கிட்ட கேட்டு தயாராகி வருவாங்க, உனக்கு அந்த சீனியர் இல்ல. ஆனா இது லாட்டரி மாதிரி சீட்டு குலுக்கிப் போட்டு எடுக்கறதும் இல்ல. மார்க்கு, உனக்கிருக்கற திறமைய முழுசா பயன்படுத்தற சுறுசுறுப்பு, நேர்மையும் எளியவங்க மேல அக்கறையும், மத்தவங்கள கூட்டிட்டுப் போற குணம்னு நாலு விஷயம் பாக்கறாங்க, இது இந்த ஸ்காலர்ஷிப்புக்கு சொத்த எழுதி வச்ச செசில் ரோட்ஸோட உயில்லேந்து வந்த அளவுகோல். (அந்தாளு ஆப்பிரிக்காவுல மண்ணையும் வைரத்தையும் வாரிச் சுருட்டின ஆளு, 1902ல செத்தாரு, 1977 வரைக்கும் பொண்ணுங்களுக்கு இந்த ஸ்காலர்ஷிப்பே கெடையாது. 2015ல கேப்டவுன் யூனிவர்சிட்டி பசங்க போராடி அவரு சிலைய எடுக்க வச்சாங்க. தெரிஞ்சுட்டே வாங்கறதுல தப்பில்லைங்கறது என் கருத்து. நம்ம நாட்டு நாடகாசிரியர் கிரிஷ் கர்னாட்கூட ரோட்ஸ்ல போனவருதான்.)

கெடைக்குமா கெடைக்காதான்னே எல்லாரும் கேக்கறீங்க, கெடைச்சா அங்க போயி என்ன படிப்பேன்னு உன் லெட்டர்ல ஒரு வரிகூட இல்லையே. எனக்கு அதுதான் இடிக்குது. ரோட்ஸ்ல செலக்ட் ஆனாலும் ஆக்ஸ்ஃபோர்டு கோர்ஸுக்கு தனியா அப்ளை பண்ணி அட்மிஷன் வாங்கணும், அதனால முதல்ல கோர்ஸ் லிஸ்ட்ட எடுத்து உக்காரு. அங்க வாட்டர் சயின்ஸ், பாலிசி அண்ட் மேனேஜ்மென்ட்னு ஒரு எம்எஸ்சி இருக்கு. அத படிக்கறப்ப உனக்கு உள்ள ஏதாவது பரபரங்குதா, இல்ல ஆக்ஸ்ஃபோர்டுங்கற பேருதான் பிடிச்சிருக்கா? பேருதான்னா அப்பா பேச்ச கேட்டு வேலைக்கு போ, ஒண்ணும் நஷ்டமில்ல.

பரபரங்குதுன்னா போடு. அப்ளிகேஷனுக்கு ஃபீஸ் கெடையாது, ஆனா நேரம் நெறைய தின்னும். ஜூன்ல திறந்தா ரெண்டு மாசம் முழுசாகூட இருக்காது, அதே சமயத்துல உனக்கு ஆப்டிட்யூட் டெஸ்ட், கம்பெனி வர்றதுன்னு ஓடும். ப்ளேஸ்மென்ட்ட விடாத, ரெண்டையும் பண்ணு, ராத்திரி ஒரு மணி நேரம் கட்டுரைக்குன்னு ஒதுக்கு. பரிந்துரைக் கடிதம் குடுக்கற மேடம்கிட்ட கடைசி வாரம் போயி நிக்காத, என்எஸ்எஸ்ல நீ என்னென்ன செஞ்சேன்னு ஒரு பக்கம் எழுதி இப்பவே குடு. இல்லைன்னா "நல்ல ஒழுக்கமான மாணவி"ன்னு கான்டக்ட் சர்டிபிகேட் கணக்கா ரெண்டு வரி வரும், அவ்ளோதான்.

கட்டுரைய நீயே எழுதணும், அடுத்தவங்க திருத்தித் தரக்கூடாதுன்னு அங்க கண்டிப்பா சொல்லியிருக்கு. "மக்களுக்கு சேவை செய்ய சின்ன வயசுலேந்து ஆசை"ன்னு ஆரம்பிக்காத தாயி, கும்பிட்டு கேட்டுக்கறேன். டெஸ்ட் கிட்ல பிங்க் கலர் மஞ்சளா போனப்ப பக்கத்துல நின்ன பாட்டி என்ன சொன்னாங்க, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃப்ளோரைடுதான் எல்லைன்னா உங்க தெருவுல எவ்ளோ வந்துச்சு, காவிரித் தண்ணி கொழாய்ல வந்தப்புறமும் சில வீட்டுல ஏன் போர் தண்ணியே புடிக்கறாங்க, இதெல்லாம் எழுது. ஃப்ளோரைடு தண்ணியால பல்லுல காவிக்கறை இருக்கற பசங்கள நம்ம ஜில்லாவுல தெனம் பாக்கறோம், டெல்லி பிள்ளைக்கு இத எழுத வராது.

ஒருவேளை கெடைக்கலைன்னா, ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கு போடலாம். அது பிரிட்டிஷ் அரசாங்கத்தோடது, வேலை அனுபவம் இல்லாம எடுக்கவே மாட்டாங்க. அப்பாகிட்ட இதையும் சொல்லு, அவரு சொல்ற வேலைதான் அங்க தகுதியாவுதுன்னு கேட்டா மனுஷன் கொஞ்சம் எறங்கி வருவாரு.

கேள்வி: என் பையன் ஏழாவது. "தேசிய இளம் சாதனையாளர் விருதுக்கு தேர்வாகியுள்ளார்"னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, பதிவுக் கட்டணம் 3,000 கேக்கறாங்க, கட்டலாமா? – ஒரு தகப்பன், ஓசூர்

பதில்: கட்டாதீங்க சார். அதவிட கம்மிக்கு ஷீல்டு கடையில பேர் அடிச்சே குடுப்பாங்க. பையன் நெஜமாவே ஏதாவது பெருசா செஞ்சிருந்தா பிரதமரோட ராஷ்ட்ரிய பால் புரஸ்காருக்கு ஆன்லைன்ல நீங்களே போடுங்க, 5 வயசுலேந்து 18 வரைக்கும், காசு கெடையாது.

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கறேன். தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு எழுதறதா, நீட் கிளாஸ் கெட்டுடுமான்னு பயமா இருக்கு. – மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: எழுது பாப்பா. 1,500 பேருக்கு மாசம் 1,500 வீதம் ரெண்டு வருஷம் தர்றாங்க, அதுல பாதி அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு. கேள்வியெல்லாம் நீ போன வருஷம் படிச்ச பத்தாவது தமிழ் பாட அளவுலதான். ஸ்கூல் மூலமாத்தான் விண்ணப்பம் போகும், நாளைக்கே தமிழ் டீச்சர போய் பாரு.