தமிழ்வழியில் படித்தவருக்கு வெளிநாட்டு ஆய்வு நல்கை கிடைக்குமா?

கேள்வி இது: தமிழ் இலக்கியம், வரலாறு மாதிரியான துறைகளில் பிஎச்.டி. செய்கிறவர்கள் வெளிநாட்டு ஃபெலோஷிப்புக்கும் கோடைக்காலப் பயிலரங்குகளுக்கும் எப்படி விண்ணப்பிப்பது? தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அதெல்லாம் கிடைக்குமா, ஆங்கிலம் தடையாக இருக்காதா?

கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த எனக்குக் கிடைத்தது, ஆனால் இரண்டாவது முறைதான். முதல் முறை ஏன் கிடைக்கவில்லை என்று சொன்னாலே பாதிப் பதில் முடிந்துவிடும்.

என் ஆய்வு குஜிலிப் புத்தகங்களைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் இருக்கும். கொலை நடந்தால் கொலைச் சிந்து, வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து. அவற்றின் அருமை பெருமையை முதல் விண்ணப்பத்தில் மூன்று பக்கத்துக்கு எழுதினேன். நேர்காணல் வரை கூப்பிட்டார்கள். குழுவில் இருந்த ஒருவர் என் துறைக்காரர் இல்லை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தக் கால நூல் பதிவுப் பட்டியல்களை லண்டன் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அவை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இல்லையா?"

நான் எழும்பூரில் தேடியே பார்த்திருக்கவில்லை. "இருக்கலாம் சார்" என்றேன். வெளியே வரும்போதே முடிவு தெரிந்துவிட்டது.

அந்தக் கேள்வி நியாயமானது. தலைப்பு எவ்வளவு நல்லது என்பதைவிட, இந்த ஆளை இந்த ஊருக்கு அனுப்பாவிட்டால் எந்த வேலை நடக்காமல் போகும் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். உங்கள் விண்ணப்பத்தில் அதற்குப் பதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மொழிநடை, எழுத்துப்பிழை எல்லாம் அப்புறம்.

அடுத்த ஒரு வருடம் ஊரைவிட்டுப் போவதைப் பற்றியே யோசிக்காமல் எழும்பூருக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் அலைந்தேன். கதை இதுதான். 1867இல் வந்த அச்சகம், நூல் பதிவுச் சட்டப்படி, அச்சிட்ட ஒவ்வொரு நூலையும் அரசிடம் பதிய வேண்டியிருந்தது. மாகாண அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வெளியிடும். சென்னை மாகாணப் பட்டியல் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழோடு இணைப்பாக வரும். நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கங்கள், எத்தனை படி, என்ன விலை என்று எல்லாம் அதில் உண்டு. ஒரு கொலைச் சிந்து எத்தனை ஆயிரம் படி போனது என்று இன்றைக்குச் சொல்ல முடிவது அதனால்தான். அந்தப் பட்டியல்களிலிருந்து தேர்ந்தெடுத்த நூல்கள் லண்டனுக்கும் போயின. சில பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு, சில இந்தியா ஆபீஸ் நூலகத்துக்கு. இரண்டும் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

ஆக, பட்டியல் இங்கே, புத்தகம் அங்கே. நேர்காணலில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்த நாலு வார்த்தைதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆனது.

வெறுமனே சொன்னால் போதாது, காட்ட வேண்டும். பட்டியலில் இருந்து ரோஜா முத்தையாவிலும் கன்னிமாராவிலும் மறைமலையடிகள் நூலகத்திலும் கிடைக்காத பெயர்களைத் தனியே எழுதினேன். 212 தேறியது. அதில் எவையெல்லாம் லண்டனில் இருக்கின்றன என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலில் அவர்களுடைய இணைய அட்டவணையே இல்லாமல் போயிருந்தது. மாதக்கணக்கில் வரவில்லை. கைகொடுத்தது 1909இல் அச்சான பழைய தமிழ் நூல் அட்டவணை. பார்னெட்டும் போப்பும் தொகுத்தது. ஆமாம், திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த அதே ஜி.யு. போப். 1931இல் வந்த அதன் துணை அட்டவணையையும் சேர்த்துப் பார்த்ததில் 140 நூல்கள் அங்கே இருப்பது உறுதியானது. இணையத்தில் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். நூறு வருடத்துக்கு முந்தைய அட்டவணைகள் நம் துறைக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

இரண்டாவது விண்ணப்பத்தில் குஜிலியின் பெருமைக்கு ஒரு பத்தி. மிச்சமெல்லாம் கணக்கு. 4 வாரம், வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 7 நூல், மொத்தம் 140. முதல் இரண்டு நாளில் நாளுக்கு ஏழு நூல் எடுக்க முடியாது என்று எனக்கே தெரியும், அதனால் எது முதலில், நேரம் போதாவிட்டால் எதை விடுவேன் என்றும் எழுதினேன். விடப்போவதைச் சொல்ல நம் ஆட்கள் பயப்படுவார்கள். சொல்லுங்கள், நீங்கள் உண்மையிலேயே யோசித்திருக்கிறீர்கள் என்பது அதில்தான் தெரியும்.

எதற்கு விண்ணப்பிப்பது? பிரிட்டனில் வேலை என்றால் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட். 1981இல் தொடங்கியது, பணம் மட்டும் பழசு: கல்கத்தாவில் பிறந்து 1916இல் இறந்த ஒரு வணிகர் விட்டுப்போன சொத்து. ஷா வாலஸ் கம்பெனியின் அதே வாலஸ்தான். (இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிலர் மது பாட்டிலை நினைத்துச் சிரிக்கிறார்கள்.) இந்தியாவில் இருக்கும் இந்தியர்களுக்கு, குறுகிய கால ஆய்வுக்கு நல்ல வழி. அமெரிக்கா என்றால் ஃபுல்பிரைட்-நேரு முனைவர் பட்ட ஆய்வு ஃபெலோஷிப். 6 முதல் 9 மாதம். இந்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பதிவு இருக்க வேண்டும். பட்டம் வாங்கியவர்களுக்கு வெளிநாடே தேவையில்லை, சிம்லாவில் இந்திய உயர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1888இல் வைஸ்ராய்க்காகக் கட்டிய மாளிகையில் உட்கார்ந்து புத்தகம் எழுதலாம். வயது வரம்பு, கடைசித் தேதி எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்தத் தளத்தில் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் அமெரிக்காவின் என்.இ.எச். (இலக்கியம், வரலாறு மாதிரியான துறைகளுக்கு நிதி தரும் அரசு அமைப்பு) பணத்தில் நடக்கும் கோடைப் பயிலரங்குகள் முதலில் வந்து நிற்கும். அவை அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் அங்கே சில ஆண்டுகள் வசித்தவர்களுக்கும் மட்டும்தான். போதாததற்கு 2025 ஏப்ரலில் அந்த அமைப்பின் நல்கைகளை ஏராளமாக ரத்து செய்துவிட்டார்கள். தகுதிப் பகுதியைப் படிக்காமல் நான் இரண்டு வாரம் வீணடித்தேன், நீங்கள் செய்யாதீர்கள்.

பரிந்துரைக் கடிதம்தான் நம்மூரில் பெரிய தலைவலி. கைடிடம் கேட்டேன். "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். பாசமாகத்தான் சொன்னார். ஆனால் நாமே எழுதினால் என்ன எழுதுவோம்? கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், நேரந்தவறாதவர். நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கும். என் முதல் விண்ணப்பத்தோடு போனது அப்படி ஒன்றுதான். இரண்டாவது முறை வேறு மாதிரி செய்தேன். என் ஆய்வேட்டின் இயல் ஒன்றை அச்செடுத்து அவரிடம் கொடுத்து, "இதில் உங்களுக்கு ஒத்துக்கொள்ள முடியாத இடம் எது என்று மட்டும் சொல்லுங்கள் சார்" என்றேன். அரை மணி நேரம் சண்டை போட்டார். அப்புறம், "சார், இப்போது பேசினதையே கடிதத்தில் எழுதுங்கள்" என்று கேட்டேன். எழுதினார். நான் எழுதியிருந்தால் அப்படி ஒரு கடிதம் வந்திருக்காது. இரண்டாவது கடிதத்தை உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவரிடம் வாங்குங்கள்.

வெளியாள் எங்கே கிடைப்பார்? கோடைப் பயிலரங்கு அதற்குத்தான். அச்சு வரலாறு என்றதும் எல்லாரும் வர்ஜீனியாவில் நடக்கும் ரேர் புக் ஸ்கூலைச் சொல்வார்கள். ஐந்து நாள் வகுப்புகள், பிரமாதமாக இருக்கும் என்கிறார்கள். கட்டணத்துக்கு உதவித்தொகை கேட்கலாம், ஆனால் விமான டிக்கெட் என் ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவு. சரி என்று புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன். அங்கே பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப்பள்ளி ஆகஸ்டில் செவ்வியல் தமிழ்ப் பயிலரங்கு நடத்தும். சங்கப் பாட்டை உரையோடும் சுவடியோடும் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பார்கள். என் தலைப்புக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐரோப்பிய மாணவிதான் அந்த 1909 அட்டவணை இருப்பதையே எனக்குச் சொன்னாள். லண்டனில் எனக்கு அழைப்புக் கடிதம் தந்த பேராசிரியருக்கு அறிமுகம் செய்ததும் அவள்தான். அதற்கு முன் முன்பின் தெரியாத ஐந்து பேருக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஒருவரிடமிருந்து மட்டும் "வாழ்த்துகள்" என்று ஒரு வரி வந்திருந்தது.

அப்புறம் காகித வேலை. கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்பவர் என்றால் தடையில்லாச் சான்றை விண்ணப்பம் எழுதத் தொடங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். எனக்கு ஏழு வாரம் ஆனது. கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே மூன்று வாரம். கடைசி நேரம் "லண்டன் நள்ளிரவு" என்று போட்டிருந்தால் குளிர்காலத்தில் நமக்கு அது விடியற்காலை 5.30. அதை நம்பி இருக்காதீர்கள், அன்றைக்குப் பார்த்துத்தான் கரண்ட் போகும்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் வரைவைத் திருத்தியது ஆங்கிலத் துறைக்காரர் யாரும் இல்லை. அக்கா தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள், அவளிடம் கொடுத்தேன். எங்கெல்லாம் நின்று திரும்பப் படித்தாளோ அங்கெல்லாம் பென்சிலில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். முதல் பக்கத்தில் பதினோரு புள்ளி. எல்லாமே நான் வேறு புத்தகங்களிலிருந்து கடன் வாங்கிய பெரிய வார்த்தைகள் இருந்த இடங்கள். எடுத்துவிட்டு, எழும்பூரில் என்ன பார்த்தேன், எது இல்லை என்று சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினேன். மூன்றாவது வரைவில் இரண்டு புள்ளிதான் இருந்தது. அதில் ஒன்று பேனா மையில் இருந்தது. கேட்டால் தெரியாமல் பட்டுவிட்டது என்றாள்.