நிலத்தை அடமானம் வைக்காதீர்கள், பையனை மோட்டார் படிக்க விடுங்கள்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் எடுத்து, நடுத்தர மதிப்பெண்ணுடன் தேறியிருக்கிறான். அந்த மதிப்பெண்ணுக்குக் கலந்தாய்வில் நல்ல கல்லூரியில் கணினி அறிவியல் கிடைக்காது என்பதால், மஞ்சள் விளையும் இரண்டு ஏக்கரை வங்கியில் வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கிவிட வேண்டும் என்று தாய்மாமன் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். பையனோ விடுமுறை முழுவதும் ஒரு மோட்டார் பட்டறையிலேயே கிடக்கிறான். அவன் எதிர்காலம் வீணாகிவிடுமோ என்று கேட்கிறார்.

ஐயா, தங்கள் கவலை நியாயமானது. ஆனால் தாங்கள் செய்ய நினைப்பது சரியல்ல. விருப்பமில்லாத படிப்புக்காக நிலத்தின் மீது கடன் வாங்கினால், முதல் பருவத் தேர்வு வருவதற்கு முன்பே வட்டி ஏறத் தொடங்கிவிடும். பாடங்கள் நிலுவையில் விழுந்தால் அந்தச் சுமையையும் அவமானத்தையும் சுமக்கப் போவது மாமன் அல்ல, தாங்களும் பையனும்தான். பொறியியல் கலந்தாய்வு பற்றியும் கலைக் கல்லூரிகள் பற்றியும் சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தங்கள் கடிதத்துடன் மகன் எழுதிய அரைப்பக்கமும் இருந்தது. பட்டறைக்கு வந்த ஒரு பழைய சிஎன்சி லேத்தில் (கணினிக் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் இயந்திரம்), கட்டளையிட்ட வேகத்தில் ஓட வேண்டிய டிசி சர்வோ மோட்டார் வேகமாக ஓடும்போது சீராகவும், மெதுவாக ஓடும்போது நடுங்கியபடியும் இருந்ததாம். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்களை மாற்றியும் நடுக்கம் நிற்கவில்லை. கடைசியில் பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தபோது, வேகத்தை அளக்கும் டேக்கோவின் கம்யூட்டேட்டரில், அதாவது பிரஷ்கள் உரசும் செம்பு வளையத்தில், கரித்தூள் அப்பியிருந்தது. சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. ஏன் மெதுவாக ஓடும்போது மட்டும் நடுங்கியது என்று கேட்டு முடித்திருக்கிறான். எட்டாண்டு அனுபவமுள்ளவர்களே பல நேரம் கேட்காமல் விடுகிற கேள்வி இது.

அவனுக்கான விடையைத் தாங்களும் படியுங்கள். டேக்கோ என்பது மோட்டாரின் அதே தண்டில் பூட்டப்பட்ட சிறிய நிரந்தரக் காந்த ஜெனரேட்டர். மிதிக்க மிதிக்கச் சைக்கிள் டைனமோ விளக்கு பிரகாசமாவதுபோல, தண்டு சுழலும் வேகத்துக்கு நேர் விகிதத்தில் அது வோல்டேஜ் தருகிறது; திசை மாறினால் பிளஸ், மைனஸ் மாறுகிறது. நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் 20 வோல்ட் தரும் டேக்கோ, 10 சுற்று வேகத்தில் 0.2 வோல்ட்தான் தரும். தூசியால் எழும் சிறு மின்சலசலப்பு 20 வோல்ட்டில் காணாமல் போய்விடும், 0.2 வோல்ட்டில் பெரிதாகத் தெரியும். கட்டளை வோல்டேஜையும் டேக்கோ வோல்டேஜையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைத் திருத்துவதே, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவின் வேலை என்பதால், அது அந்தச் சலசலப்பையும் வேகமாற்றம் என்று நம்பி மோட்டாரை உலுக்குகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. டேக்கோ கம்பி அறுந்தால், மோட்டார் நின்றுவிட்டதாக எண்ணி டிரைவ் மேலும் மேலும் மின்சாரம் கொடுக்கும்; இரண்டு கம்பிகளையும் மாற்றி இணைத்தாலும் மோட்டார் கட்டுக்கடங்காமல் பறக்கும். பாதுகாப்பு வசதி இருந்தாலும், சுமையைக் கழற்றி, முனைகளைச் சரிபார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். டேக்கோவுக்குப் பெரும்பாலும் வெள்ளி கலந்த கிராஃபைட் பிரஷ் வருகிறது; கிடைத்த கார்பனைத் தேய்த்துப் போட்டால் பழைய நோய் திரும்பிவிடும்.

புதிய இயந்திரங்களில் பிரஷ் இல்லாத ஏசி சர்வோவும், டேக்கோவுக்குப் பதிலாகச் சுழற்சியை அளந்து சொல்லும் என்கோடரும்தான் வருகின்றன என்பதை மறைக்க மாட்டேன். பிரஷ் மாற்றுவதோடு நின்றுவிடுகிறவனுக்கு வேலை குறைந்துகொண்டேதான் போகும். ஆனால் மின்னோட்டம், வேகம், நிலை என்று ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த, கட்டளையையும் நடப்பதையும் ஒப்பிட்டுத் திருத்தும் கட்டுப்பாட்டு வளையங்கள் புதிய இயந்திரத்திலும் அப்படியேதான் இருக்கின்றன. பழைய டிசி டிரைவைப் பழுதுபார்க்கவும், வேண்டும்போது அதை அகற்றி ஏசி சர்வோ பொருத்தவும் ஒருசேரத் தெரிந்தவருக்குக் காகித ஆலையிலும் உருட்டாலையிலும் கோவைப் பட்டறைகளிலும் மதிப்பு உண்டு. எனவே பட்டறை மட்டும் போதாது, படிப்பும் கட்டாயம் வேண்டும்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மின்னியல் மின்னணுவியல் டிப்ளமோ இரண்டே ஆண்டில் முடிந்துவிடும். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்தான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். டிப்ளமோவுக்குப் பின் உதவித்தொகையுடன் ஓராண்டுத் தொழிற்பழகுநர் பயிற்சி பெறலாம். பிறகும் பொறியியல் பட்டம் வேண்டுமென்றால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை இருக்கிறது. அதற்குள் படிப்பு தனக்கு ஒத்துவருகிறதா என்பதை அவனே அறிந்திருப்பான்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மின் இயந்திர ஆய்வகத்துக்குள் போய், மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாணவர்களே கையாள விடுகிறார்களா, வேகக் கட்டுப்பாட்டுச் சோதனை உண்மையில் நடக்கிறதா என்று கேளுங்கள். பையனிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: கணிதத்தைத் தவிர்த்துவிட்டு இத்துறையில் மேலே போக முடியாது, டிரைவ் கையேடுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, இரண்டிலும் அவன் உழைத்தே ஆகவேண்டும். விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள். நிலப்பத்திரம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும். மைத்துனரிடம் பேசத் தங்களுக்குத் தயக்கமாக இருந்தால், அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், நான் பேசுகிறேன்.